மண்ணில் ஒளிந்திருப்பது

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. 2020இல் அலுவலகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோது வாங்கியது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கடல் சாமந்தி, கொஞ்சம் சுண்ணாம்புப் பாறை. பவளம் கிடையாது. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. வீட்டில் வைத்திருந்தால் குற்றம். சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் விழிஞ்ஞம் மீன் காட்சியகத்தில் கோமாளி மீனைப் பார்த்துவிட்டு அழுது அடம்பிடித்த பையனுக்கு முப்பது வயதுக்கு மேல் கிடைத்த சமாதானம் இந்தத் தொட்டி.

இரண்டாவது வருடத்தில் தொட்டி பச்சையானது. முதலில் கண்ணாடியில் ஒரு படலம், பிறகு பாறையில் தலைமுடி போலப் பாசி, அப்புறம் கடல் சாமந்தி சுருங்கிப் பாறையிடுக்கில் ஒளிந்துகொண்டது. சோதனைப் பெட்டி வாங்கி அளந்தேன். ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் இரண்டு மருந்து. பாஸ்பேட் இருந்தால் நீலம் பிடிக்கும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் பாஸ்பேட் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்கூட இருக்காது. என் தொட்டியில் 1.2 இருந்தது.

தொழிலில் வழு தேடுகிறவன் என்பதால் இதையும் அப்படியே அணுகினேன். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? வருவது மீன் தீனியில். உறைந்த இறால், தூள் தீனி எல்லாமே பாஸ்பரஸ் மூட்டை. முதல் ஆறு மாதம் சோம்பல்பட்டுக் குழாய்த் தண்ணீரில் உப்புக் கலந்ததும் ஒரு வழி. போவதற்குத்தான் வழியே இல்லை. நைட்ரேட்டையாவது சில பாக்டீரியாக்கள் தின்று வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும். பாஸ்பேட்டுக்கு வாயு வடிவம் கிடையாது. நாம் வெளியே எடுத்தால்தான் உண்டு. தண்ணீரை மாற்றினேன். இரண்டு நாள் குறைந்தது, மூன்றாம் நாள் பழைய எண்ணுக்கே வந்தது. சுண்ணாம்புப் பாறை ஒரு வருடமாகப் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருந்திருக்கிறது. தண்ணீரில் குறைந்தால் அது தன் கையிருப்பிலிருந்து கொடுக்கும். வட்டிக்கடை மாதிரி. அசல் முழுக்கத் தீராமல் அது விடாது.

இரும்பு ஆக்சைடு குறுமணிகள் போட்டுப் பார்த்தேன். பிறகு மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர் ஒரு சின்னப் புட்டி கொடுத்தார். லாந்தனம் குளோரைடு. அமெரிக்காவில் நீச்சல் குளத்தில் பாசி பிடிக்காமலிருக்க ஊற்றுவதாம். அங்கிருந்து மீன் வளர்ப்பவர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள். "சொட்டுச் சொட்டா விடணும். அவசரப்பட்டா மீன் செத்துரும் பாத்துக்க," என்றார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயை மருந்துக்கடையில் வாங்கி, வடிகட்டிப் பையின் வாய்க்கு நேராகத் தொங்கவிட்டேன். விழுகிற ஒவ்வொரு சொட்டைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு மேகம் எழுந்து பைக்குள் இறங்கியது. லாந்தனமும் பாஸ்பேட்டும் சந்தித்த இடம் அது.

*

அந்த மாதம்தான் அப்பாவின் இரத்தப் பரிசோதனைச் சீட்டும் வந்தது.

அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இருபத்தைந்து வருட சர்க்கரை நோய் சிறுநீரகங்களைத் தின்று முடித்திருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சீட்டில் பாஸ்பரஸ் என்ற வரிக்கு எதிரே 7.1 என்று தடித்த எழுத்தில் இருந்தது. 2.5 முதல் 4.5 வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து இரத்தக் குழாய்ச் சுவரில் படியும். எலும்பு உளுத்துப் போகும், குழாய் எலும்பாகும். மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார். சாப்பாட்டோடு சேர்த்து மென்று தின்ன வேண்டியது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். லாந்தனம் கார்பனேட்.

அப்பாவிடம் சொன்னேன்.

"லேய், மீனுக்கும் எனக்கும் ஒரே மருந்தாடே?"

"சாதனம் ஒண்ணுதான்ப்பா. அதுக்கு குளோரைடு, உங்களுக்குக் கார்பனேட்டு."

"அப்போ நானும் அந்தத் தொட்டியிலதான் கெடக்கேன்னு சொல்லு." அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

உண்மையில் அப்பா சொன்னது வேடிக்கைப் பேச்சு அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரியாக ஒரு நாளில் 900 மில்லிகிராம் பாஸ்பரஸ் உணவில் போகிறது என்று வைத்துக்கொண்டால் அதில் 60 சதவீதம்போல இரத்தத்தில் சேரும். வாரத்துக்கு ஏறத்தாழ 3800. ஒரு டயாலிசிஸ் 800 முதல் 1000 மில்லிகிராம் வரை வெளியே எடுக்கும். மூன்று தடவைக்கு அதிகபட்சம் 3000. மிச்சம் உள்ளே தங்குகிறது. வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினாலும் பாறைக்குள் சேர்ந்துகொண்டே போகிறதே, அதே கதை. அப்பாவுக்குப் பாறை என்பது எலும்பு.

அதனால் மீன் நின்றது. எங்கள் ஊரில் மனுசனுக்கு மீனை நிறுத்துவது லேசுப்பட்ட தண்டனை இல்லை. அதிலும் முள்ளோடு மென்று தின்கிற நெத்திலிதான் பாஸ்பரஸில் முதலிடம். மரச்சீனிக் கிழங்கை இரண்டு தடவை வேகவைத்து வெள்ளம் வடித்துக் கொடுக்கலாம், அது வேறு உப்புக்காக. தொட்டுக்கொள்ள நெத்திலிப் புளிமுளம் இல்லாத மரச்சீனியை அப்பா ஒரு வாரம் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரவில் தொட்டியின் வெளிச்சத்தில் உட்கார்ந்து இந்த லாந்தனம் என்பது எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை மணவாளக்குறிச்சியில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் அப்பா பிறந்த வீடு.

*

1839இல் ஸ்வீடனில் கார்ல் குஸ்தாஃப் மொசாண்டர் என்ற வேதியியலாளர் சீரியம் உப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். சீரியம் 1803இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. முப்பத்தாறு வருடம் எல்லோரும் அதைத் தனித் தனிமம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். மொசாண்டர் அதற்குள் இன்னொன்று ஒளிந்திருப்பதைக் கண்டார். அவருடைய குரு பெர்சீலியஸ் அதற்குப் பெயர் வைத்தார். லாந்தனம். கிரேக்கத்தில் ஒளிந்திருப்பது என்று பொருள்.

லாந்தனம் தனியாக எங்கும் கிடைக்காது. சீரியம், நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற கூட்டத்தோடு, தோரியத்தையும் சேர்த்துக்கொண்டு, ஒரு கனிமத்துக்குள் இருக்கும். தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள். அதன் பெயர் மோனசைட். வேதியியல்படி மோனசைட் ஒரு பாஸ்பேட். இந்திய மோனசைட்டை எடுத்துப் பார்த்தால் எடையில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடுகள், எட்டு ஒன்பது சதவீதம் தோரியம் ஆக்சைடு, நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பாஸ்பரஸ் ஆக்சைடு.

இதைப் படித்ததும் எழுந்துபோய் வடிகட்டிப் பையைப் பார்த்தேன். அடியில் வெள்ளை மாவு. லாந்தனம் பாஸ்பேட். தோரியம் இல்லாத, படிகம் சரியாக முற்றாத, நேற்றுப் பிறந்த ஒரு மோனசைட்டை வீட்டு முன்னறையில் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

லாந்தனம் மருந்தாக வேலை செய்வதற்கும் மணவாளக்குறிச்சியில் கருமணல் கிடப்பதற்கும் காரணம் ஒன்றுதான். லாந்தனமும் பாஸ்பேட்டும் பிடித்துக்கொண்டால் தண்ணீரால் அதைப் பிரிக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாறைகளில் உள்ள மோனசைட் மணிகள் பலவற்றுக்கு வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள். அதற்குள் இருக்கும் தோரியம் மெதுவாக ஈயமாகிக்கொண்டே வருவதை வைத்து அளக்கிறார்கள். மழை பாறையை அரிக்கிறது. பாறையில் உள்ள பெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும். வயலில் நாம் மிதிக்கிற சேறு அது. மோனசைட் கரையாது. கார்னெட், சிர்கான், ரூட்டைல், இல்மனைட் என்று கூடவே கரையாத இன்னும் சிலதோடு வள்ளியாற்றில் உருண்டு வந்து கடியபட்டணம் பக்கம் கடலில் விழும். தென்மேற்குப் பருவத்தில் அலை அதைக் கரையில் எறிந்து, லேசான வெள்ளை மணலைத் திரும்ப இழுத்துக்கொண்டு, கனமானதை விட்டுவிட்டுப் போகும். புடைத்துப் புடைத்து உமியைப் பறக்கவிடுகிற முறத்தின் வேலை.

கடற்கரையில் வரிவரியாகக் கறுப்பும் சிவப்புமாய்க் கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். மோனசைட் கண்ணில் படாது, கலந்து கிடக்கும். இங்கேயும் ஒளிந்துதான்.

*

அதைக் கண்டது ஒரு ஜெர்மானியர். அதுவும் கரைக்கு வராமலேயே.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மணிகளைக் கண்டார் என்பது எல்லா வரலாற்றுக் குறிப்புகளிலும் வருகிற கதை. எங்கள் பக்கத்தில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் வெள்ளத்தில் ஊறப்போட்டு, அடித்துத் தும்பெடுத்து, பெண்கள் திரித்த கயிறு. திரித்ததைக் கடற்கரையில் காயப்போட்டிருப்பார்கள். அந்தக் கயிற்றை உதறிப் பார்க்கிற கண் ஒருவருக்கு இருந்திருக்கிறது.

அந்தக் கண் எதற்காகத் திறந்திருந்தது என்றால், வெளிச்சத்துக்காக. ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், ஹைடல்பர்கில் பன்சனிடம் படித்தவர், பருத்தி வலையை அருமண் உப்பில் தோய்த்து எரித்தால் மிஞ்சும் சாம்பல் வலை, வாயு விளக்கின் சுடரில் வெண்மையாக ஒளிர்வதைக் கண்டுபிடித்தார். 1885இல் அவர் செய்த முதல் வலையில் லாந்தனம் இருந்தது. வெளிச்சம் பச்சையடித்தது, முகமெல்லாம் நோயாளி மாதிரி தெரிய, யாரும் வாங்கவில்லை. 1891இல் லாந்தனத்தைக் கழற்றிவிட்டு 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்று மாற்றினார். ஐரோப்பாவின் தெருக்கள் வெளுத்தன. தோரியம் வேண்டும் என்றால் மோனசைட் வேண்டும். அன்று அது பிரேசிலில் கிடைத்தது, பிடி ஜெர்மானியர்களின் கையில் இருந்தது.

ஷோம்பர்க் கயிற்றின் தடம் பிடித்துத் திருவிதாங்கூர் வந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. பிறகு கொல்லத்துக்கு வடக்கே சவறாவில் இன்னொன்று. 1914இல் போர் வந்தது. ஜெர்மானியர் என்பதால் ஷோம்பர்க் உளவாளி என்று கைதானார். தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஹாப்கின் அண்ட் வில்லியம்ஸ் என்ற பெயர் அன்றைக்கு வந்தது. என் தாத்தா காலத்து ஆட்கள் வாயில் அது "துரை கம்பெனி".

நாங்கள் பாட்டா என்போம். பாட்டா கடல் மணல் வாரும் கூலியாக இருந்தவர். பருவமழை கழிந்தால் அலை ஒதுக்கிய கருமண்ணை வழித்துக் குட்டையில் சுமந்து ஆலையில் அளப்பார்களாம். "தலையில வச்சா இரும்பு மாதிரி கனக்கும்லே. ஒரு குட்ட வெள்ள மணலுக்கு ரெண்டு குட்ட பாரம்," என்று அப்பா பாட்டா சொன்னதைச் சொல்வார். இல்மனைட்டின் அடர்த்தி 4.7, மோனசைட்டின் அடர்த்தி 5க்கு மேல், சாதா மணல் 2.65. பாட்டாவின் கழுத்துக்கு அது தெரிந்திருந்தது.

மண்டைக்காட்டுக் கொடைக்குப் பெட்ரோமாக்ஸ் வரிசையாகப் போகும். அப்பாவுக்கு அதில்தான் நினைவு அதிகம். 1984இல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கசக்கி உடைக்கிற மேண்டில் இருக்கிறதே, தமிழ்நாடே சிரித்த அந்தச் சாம்பல் வலை, அதன் வெளிச்சத்துக்கான தோரியத்தைத் தேடித்தான் உலகம் எங்கள் கரைக்கு வந்தது. பாட்டா சுமந்த மணல் கப்பலேறிப் போயிற்று. பாட்டாவின் வீட்டில் கடைசிவரை எரிந்தது மண்ணெண்ணெய்ச் சிம்னி.

*

இரண்டாம் உலகப்போரின் முடிவில் இந்த மணலின் அர்த்தம் மாறிவிட்டது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு தோரியம் விளக்கு வலைக்கான பொருள் மட்டும் அல்ல; அணு உலையில் யுரேனியமாக மாற்றத்தக்க மூலப்பொருள். திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கு அது தெரியும். 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அவர் அறிவித்தபோது அவர் கையில் இருந்த சீட்டுகளில் மோனசைட்டும் ஒன்று. பிரிட்டனோடு அதற்கான பேச்சு நடந்தது. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர் வெட்டுப்பட்டார். சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஒரு கடற்கரை மணல் ஒரு நாடு உருவாவதையோ உருவாகாமல் போவதையோ எவ்வளவு தீர்மானித்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பங்கு இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

1950 ஆகஸ்ட் 18 அன்று இந்தியன் ரேர் எர்த்ஸ் தொடங்கப்பட்டது. ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை 1952 டிசம்பர் 24 அன்று நேரு திறந்துவைத்தார். 55 கோடி வருடம் மழையும் கடலும் செய்ய முடியாத வேலை அங்கே நடந்தது. மோனசைட்டைப் பொடியாக அரைத்து, அடர்ந்த காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைப்பார்கள். அந்தக் கொதிப்பில்தான் பாஸ்பேட்டின் பிடி விடும். அது சோடியத்தோடு சேர்ந்து டிரைசோடியம் பாஸ்பேட்டாகத் தண்ணீரில் கரைந்து வெளியேறும். அருமண்களும் தோரியமும் கரையாமல் தங்கும். தோரியம் அணுசக்தித் துறைக்கு. அருமண்கள் குளோரைடாகி, சிகரெட் லைட்டரின் தீக்கல், கண்ணாடி மெருகு என்று போயின. டிரைசோடியம் பாஸ்பேட் கொதிகலன் நீரைச் சுத்தம் செய்யவும் அழுக்கு வெளுக்கவும் விற்கப்பட்டது.

ஆக, ஆலுவாயில் விவாகரத்து ஆன இருவர். ஒருவர் சோப்புத்தூள் வழியாகச் சாக்கடைக்கும் குளத்துக்கும் போகிறார். இன்னொருவர் ஊர் சுற்றிவிட்டு, குளத்தில் பாசி மண்டியதும் அவரைப் பிடித்துக்கட்ட அழைக்கப்படுகிறார். இது கற்பனை இல்லை. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஸிரோ, 1990களில் லாந்தனம் ஏற்றிய களிமண்ணை ஏரியில் தூவிப் பாஸ்பேட்டை அடியில் பூட்டும் முறையை உருவாக்கியது. பிரித்ததும் வேதியியல், சேர்ப்பதும் வேதியியல்.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டம், 1954 ஆகஸ்டு 11 துப்பாக்கிச் சூடு எல்லாம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தாலாட்டோடு கேட்டு வளர்கிற விஷயம். எல்லைக் கோடு விழுந்ததில் மணவாளக்குறிச்சி மணல் ஒரு மாநிலத்திலும், அதைப் பிரிக்கும் ஆலுவாய் இன்னொரு மாநிலத்திலும் ஆகிப்போயின. 1965இல் மணவாளக்குறிச்சி ஆலை இந்தியன் ரேர் எர்த்ஸ் வசமானது. ஊரில் இன்றுவரை அது "மணல் கம்பெனி"தான்.

*

பாஸ்பேட்டைக் குற்றவாளி ஆக்கிப் பேசிக்கொண்டிருக்கிறேன். அப்பா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் பாதி விவசாயி.

நாஞ்சில் நாடு நெல் விளைந்த பூமி. தென்னைக்கு மூட்டில் குழி எடுத்து மத்திச் சாளையைப் புதைத்தவர்கள் நாங்கள். கோடையில் குளத்து வண்டலை வாரி வயலில் அடித்தவர்கள். இரண்டுமே பாஸ்பரஸை வயலுக்குக் கொண்டுவரும் வழி. கடலுக்கும் குளத்துக்கும் ஒழுகிப் போனதைத் திரும்ப எடுத்துவரும் வேலை. மூட்டை உரம் வந்தபின் வண்டல் வாருவது நின்றது. உரம் வயலிலிருந்து குளத்துக்கு ஒழுகுவது நிற்கவில்லை. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள வேறு பல குளங்களில் ஆகாயத்தாமரையைத் தாண்டித் தண்ணீரைப் பார்க்க முடியாது. என் தொட்டியின் பச்சைக்கும் அந்தப் பச்சைக்கும் காரணம் ஒன்று: உள்ளே வர ஆயிரம் வழி, வெளியே போக யாரும் இல்லை.

கடலில் அது வேறு மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கரையோர மேல்நீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். இருட்டில் கிடந்த பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் வெயிலுக்கு வந்ததும் மிதவைப் பாசி பெருகும், அதைத் தின்னச் சாளையும் நெத்திலியும் வரும். குமரி முனைக்குத் தெற்கே வாட்ஜ் பாங்க் என்ற மேட்டுக்கடலில் மீன் கொழிப்பதற்கு இந்த மேலெழுச்சியும் ஒரு காரணம். இந்தியாவும் இலங்கையும் 1976இல் அதற்கென்றே ஒப்பந்தம் போட்டன. இதே பாஸ்பேட் கடலுக்குச் சோறு. அலையும் ஆழமும் இல்லாத 200 லிட்டரில்தான் அது விஷம். வடிகட்ட வழியில்லாத உடம்பிலும்.

லாந்தனத்துக்கு முன்னால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்துவந்தார்கள். அதுவும் பாஸ்பேட்டைப் பிடிக்கும். ஆனால் அலுமினியம் உடலில் தங்கியது. 1970களில் டயாலிசிஸ் நோயாளிகள் பேச்சுக் குழறி, நினைவிழந்து, எலும்பு நொறுங்கி இறந்த பிறகுதான் அலுமினியம் குற்றவாளி என்று தெரிந்தது. லாந்தனம் கார்பனேட்டுக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. வயிற்று அமிலத்தில் அது பிரிந்து, சோற்றில் உள்ள பாஸ்பேட்டைக் கட்டிக்கொண்டு, கரையாத மணலாகிக் குடல் வழியே போய்விடும். இரத்தத்தில் சேருவது மிகமிகக் கொஞ்சம். காகிதக் கணக்கில் 500 மில்லிகிராம் லாந்தனம் 111 மில்லிகிராம் பாஸ்பரஸைக் கட்டலாம். நடைமுறையில் அதற்கும் குறைவு. மூன்று மாத்திரை என்றால் ஒரு துண்டு மீன், ஒரு கிண்ணம் பருப்பு. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையே அந்த வருடம் நடந்த சண்டைகளின் மொத்தப் பரப்பு.

*

இப்படி எழுதும்போது மணலை ஏதோ தெய்வமாக்குவது போல ஆகிவிடக்கூடாது. மணல் வாரிய ஊர்களின் கரை அரிக்கப்பட்டுப் போனதை மீனவர்கள் சொல்கிறார்கள். தோரியம் கலந்த மணல் என்பதால் இயற்கைக் கதிர்வீச்சும் இங்கே அதிகம். கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையில் பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அது காணவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு புற்றுநோய்க் கதை சொல்கிற ஊரில் போய் ஆய்வறிக்கையைப் படித்துக் காட்டினால் யாருக்கு ஆறுதல்? அப்பாவின் நோய்க்கு மணல் காரணமில்லை, சர்க்கரை காரணம் என்று எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியாது. "அந்த மண்ணத் தின்னு வளந்தவன்லா," என்பாள். 2024இல் கிள்ளியூர் வட்டத்தில் ஏறத்தாழ 1144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, கடலோர ஊர்கள் எழுந்தன. கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. என் அப்பாவின் மாத்திரைக்கும் என் கணினிக்கும் வேண்டிய தனிமம் யாருடைய வாசலிலிருந்து வர வேண்டும் என்ற கேள்விக்கு, தொட்டியின் முன் உட்கார்ந்திருக்கிற என்னிடம் பதில் இல்லை. மணலை வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் "உங்களுக்கு வளர்ச்சி பிடிக்காது" என்று சொல்ல என்னால் முடியாது என்பது மட்டும் தெரியும். பாட்டாவின் கழுத்தில் இருந்த காய்ப்பு அப்பாவுக்கு நினைவிருக்கிறது.

நான்கு மாதத்தில் தொட்டி 0.08க்கு வந்தது. கடல் சாமந்தி விரிந்தது. பாறை கடைசித் தவணை வரை கொடுத்துத் தீர்த்திருக்க வேண்டும். அப்பாவின் எண் 5.6க்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. எலும்புக் கடன் அப்படிச் சீக்கிரம் தீராது என்று மருத்துவர் சொன்னார்.

ஒரு டயாலிசிஸ் இல்லாத நாளில் அப்பா கடலைப் பார்க்க வேண்டும் என்றார். மண்டைக்காட்டுக்கு மேற்கே வண்டியை நிறுத்திக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய கணினி ஒன்றின் வன்தட்டைக் கழற்றி எடுத்த காந்தத்தைப் பையில் வைத்திருந்தேன். நியோடிமியம் காந்தம். அதுவும் மோனசைட் குடும்பத்தில் பிறந்த லாந்தனத்தின் தம்பிதான். மணலில் வைத்ததும் கறுப்பு மணிகள் முள்ளெலி மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டின.

அப்பா வாங்கி அவரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். ஒட்டியதை விரலால் வழித்து உதிர்த்தார். ஒட்டாமல் கிடந்த மணலை உள்ளங்கையில் பரப்பி வெயிலில் சாய்த்துக் கண் சுருக்கித் தேடினார்.

"இதுல எதுடே என் மருந்து?"

நானும் குனிந்து பார்த்தேன். தேன் நிறத்தில் ஒன்று இருந்த மாதிரி இருந்தது. காட்டுவதற்குள் காற்று கொண்டுபோயிற்று.

"சரி விடு," என்றார். அப்புறம் கரையில் ஏற்றியிருந்த வள்ளத்துப் பக்கம் பார்த்து, "நெத்திலி வந்திருக்கு போலயே," என்றார். அன்றைக்கு அம்மாவிடம் நான் சொல்லவில்லை. வாங்கினோம், நூறு ரூபாய்க்கு.